மூன்றே முக்கால் மணி வெளிச்சம்

கையில் எது கிடைத்தாலும் முதலில் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். மின்சார ரசீது, பேருந்துச் சீட்டு, வெங்காயத் தோல், பக்கத்து வீட்டுக் குழந்தை காட்ட வந்த மதிப்பெண் அட்டை, எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். மேல் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, "ம்... சரி" என்று சொன்ன பிறகுதான் அந்தப் பொருள் கீழே இறங்கும். ஒருநாள் நான் கொடுத்த ரொட்டித் துண்டையும் அப்படிப் பிடித்தாள். "என்ன தெரியுது?" என்றேன். "ரெண்டு எடத்துல காத்து இருக்கு பெரியம்மா. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல."

எங்கள் கட்டடத்தில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். வயது நாற்பத்தாறு. மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், இருபத்திரண்டு வருடமாக மனிதர்களை ஊடுருவிப் படம் எடுக்கிறாள். மாடிப்படியில் அவளைக் கண்டால் பிள்ளைகள் வயிற்றைக் கையால் மூடிக்கொள்வார்கள். திருடித் தின்ற மிட்டாய் தெரிந்துவிடுமாம். இந்த வதந்தியை யார் கிளப்பினார்கள் என்று ரொம்ப நாள் விசாரணை நடந்தது. நானும் அக்கறையாகக் கலந்துகொண்டேன். கிளப்பியவள் நானாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"தாடைய இங்க வைங்க. தோள முன்னால தள்ளுங்க. மூச்ச நல்லா இழுங்க... புடிங்க... அசையாதீங்க... ம், விடலாம்." இது ஒரு நாளைக்கு எண்பது முறை அவள் வாயிலிருந்து வரும் வாசகம். எண்பது முறை சொல்வது நாக்கில் தழும்பாகிவிடும் போலிருக்கிறது. கிழங்கு நிறுக்கும் கடைக்காரரிடம் "அசையாதீங்க" என்பாள். ஊசியில் நூல் கோர்க்கும்போது தனக்குத்தானே "புடி... புடி... விடலாம்" என்பாள். ஒருநாள் தூக்கத்தில் "மூச்ச புடிங்க" என்று உளறினாளாம். கீழ்வீட்டுக்காரரின் இருபது வருடக் குறட்டை அந்த நொடியில் நின்றுபோனது. நம்ப வேண்டாம். எனக்கே பாதிதான் நம்பிக்கை.

இப்படிப்பட்டவள் போன வருடம் ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் புகைப்பட வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். காரணம் அவளுடைய அப்பாவின் இமை.

அவர் சிமெண்ட் ஆலையில் முப்பத்தொரு வருடம் மூட்டை நிரப்பியவர். குழாய் வாயில் மூட்டையை மாட்டி, நிறைந்ததும் உருவ வேண்டும். உருவும்போது ஒரு கை மாவு புஸ் என்று முகத்தில் அடிக்கும். அடிப்பதற்கு அரை நொடி முன்னால் கண்ணை மூடக் கற்றவன்தான் அங்கே பிழைப்பான். அவர் கற்றுக்கொண்டார். ஆலையை விட்ட பிறகும் இமைக்கு அது தெரியவில்லை. முகத்துக்கு நேரே யாராவது எதையாவது தூக்கினால் தானாக இறங்கிவிடும். கேமரா என்றால் கேட்கவே வேண்டாம். ஃபிளாஷ் மின்னுவதற்கு முன்பே கடையைச் சாத்திவிடும். ஆலை அடையாள அட்டையில் கண் மூடியிருக்கிறார். கல்யாணப் படத்தில் மூடியிருக்கிறார். ஓய்வுபெற்ற அன்று எடுத்த படத்தில் நாற்பது பேர் விழித்திருக்க, நடுவில் இவர் ஒருவர் மட்டும் நிம்மதியாக உறங்குகிறார். "நின்னுக்கிட்டே தூங்கினதுக்குத்தான் மாலை போட்டாங்க" என்பார்.

ஆனால் அவருடைய நெஞ்சுக்கு ஆறு படம் உண்டு. ஆறையும் எடுத்தவள் மகள். நெஞ்சுப் படத்தில் காற்று இருக்கும் இடம் கறுப்பாக வரும், கெட்ட இடம் வெள்ளையாக வரும் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் படத்தில் ஓரமாக நாலு வெள்ளைக் கீறல். ஆறாவதில் பனி மூடிய மலைச்சரிவு மாதிரி பாதி நெஞ்சு வெள்ளை. டாக்டர் அதைப் பார்த்து உச்சுக்கொட்டுவதற்கு முன்பே, இருட்டறையில் ஈரப் படத்தைத் தூக்கிப் பிடித்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவரும் அறியாதவர் இல்லை. "நெஞ்சுக்குள்ள ரெண்டு மூட்டை இருக்கு பாப்பா. நான் போனப்புறம் எடுத்து மொட்டமாடியில ஒரு ரூம் கட்டிக்கோ" என்பார். பாப்பா நாற்பத்தாறு வயது முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். "அடுத்த மழைக்காலம் தாங்காது பெரியம்மா. அப்பா உள்ள என்ன இருக்குன்னு ஆறு படம் வெச்சிருக்கேன். கண்ணு தெறந்திருக்கிற மாதிரி ஒண்ணுகூட இல்ல. எனக்கு ஒண்ணு வேணும். அவ்ளோதான்." சொல்லிவிட்டுப் பையிலிருந்து தக்காளியை எடுத்து வெளிச்சத்தில் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கைப்பேசியில் முயன்று பார்த்துவிட்டாள். அவர்கள் இருப்பது பின்பக்க வீடு, குடத்துக்குள் இருக்கிற மாதிரி இருட்டு. விளக்கைப் போட்டால் கண் மூடிக்கொள்கிறது. போடாவிட்டால் முகம் அரைத்த மாவாகக் குழைந்து விழுகிறது. ஆகவே வகுப்பு.

தையற்கடை மாடியில் பதினோரு பேர். மற்ற பத்துப் பேருக்கும் இவள் வயதில் பாதி. வாத்தியாருக்கு இருபத்தாறோ இருபத்தேழோ. முடியைக் கொண்டையாகக் கட்டியிருப்பான். அவன் இவளை "அக்கா" என்பான், இவள் அவனை "சார்" என்பாள். முதல் நாளே சொல்லிவிட்டான்: "மூணு மாசத்துக்கு ஃபிளாஷ் கெடையாது, விளக்கு கெடையாது. சூரியன் குடுக்கிறதுதான். அடுத்த வாரம் ஆளுக்கொரு முட்டை எடுத்துட்டு வாங்க." "அவிச்சதா, பச்சையா சார்?" என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு முட்டை, காலையிலிருந்து மாலை வரை மணிக்கு ஒரு படம். வெளிச்சம் நகர நகர முட்டையின் நிழல் எப்படிப் படுக்கிறது, எப்படி எழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இவள் முதல் காரியமாக முட்டையைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். "நல்ல முட்டைதான் சார்" என்று மறுவாரம் வகுப்பில் அறிக்கையும் கொடுத்தாள். "உள்ள என்ன இருக்குன்னு யாருக்கா கேட்டா? மேல என்ன விழுதுன்னு பாருங்க" என்றான் அவன். முட்டை எங்கே என்று நான் விசாரித்ததற்கு, "சாயங்காலம் மாடலா இருந்ததத் தட்டுல போட்டு அப்பாவுக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.

அவள் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே இருட்டு. வாத்தியார் திரையில் போட்டபோது, கரண்ட் போய்விட்டது என்று நினைத்துப் பின்வரிசையில் ஒருத்தன் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினானாம்.

"ஏன்க்கா இவ்ளோ கறுப்பு?"

"கறுப்புதானே சார் நல்லது."

"யாரு சொன்னது?"

"வெள்ளை வந்தாத்தானே சார் வில்லங்கம். எங்க ஆஸ்பத்திரில அப்படித்தான்."

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "இது நெஞ்சு இல்லக்கா, மொகம். மொகத்துல வெள்ளை விழுந்தா யாரும் சாக மாட்டாங்க." அவள் அதை ஒரு எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். அந்த உறைதான் அவளுடைய பாடப் புத்தகம். இன்னும் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. முன்பக்கம் அப்பாவின் பெயர், வயது, நெஞ்சு, ஆறாம் படம் என்று இருக்கும். பின்பக்கம் வெயில்.

முட்டை முடிந்து மனிதர்களுக்கு வந்தபோது வேறொரு கோளாறு தெரிந்தது. கேமராவை முக்காலி ஸ்டாண்டில் நிறுத்துவாள், ஆளை உட்காரவைப்பாள், "மூச்ச புடிங்க" என்பாள், நேராக நடந்து கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அங்கிருந்துதான் ரிமோட்டை அமுக்குவாள். இருபத்திரண்டு வருடத்தில் படம் விழும் நொடியில் ஒரு மனிதரோடு ஒரே அறையில் அவள் நின்றதில்லை. கதிரைத் தடுக்கும் ஈயச் சுவருக்குப் பின்னால் நின்று சின்னக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுதான் கால்களுக்குத் தெரிந்த பாடம். என்னையும் ஒரு மாலை மாடலாக்கினாள். கதவுக்குப் பின்னாலிருந்து "விடலாம்" என்ற சொல் வருவதற்குள் எனக்கு முன்னோர்கள் எல்லாரும் தெரிந்தார்கள், ஒருவர் கையசைத்தார். படத்தில் கிணற்றிலிருந்து தூக்கிய பூனை மாதிரி இருந்தேன். வாத்தியார் அதையும் அவள் எடுத்த மற்றப் படங்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டுச் சொன்னானாம்: "வெளிச்சம் நல்லாப் புடிபட்டிருக்குக்கா. ஆனா எல்லாரும் வீட்டுக்குள்ள திருடன் வந்த மாதிரி உக்காந்திருக்காங்களே."

அப்பாவின் அறை ஜன்னலுக்கு எட்டடி தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர், அதில் ஒரு பால்கனி. சூரியன் அந்த அறைக்குள் நேராக ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. மூன்று விடுமுறை நாள் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அங்கே உட்கார்ந்தாள். மூன்றே முக்கால் மணிக்கு எதிர்ச்சுவரின் மேல்பாதியில் வெயில் விழுகிறது. விழுந்தது திரும்பி இந்த ஜன்னலுக்குள் வருகிறது. நாலு மணி ஐந்து நிமிடத்துக்குப் போய்விடுகிறது. இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர் முகத்தில் பாலேடு படிந்த மாதிரி மெல்லிய வெளிச்சம், கண்ணைக் கூசவைக்காத வெளிச்சம். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். அவளுக்கு வாய்த்தது எதிர்வீட்டுச் சுவர்.

அவருடைய இமையை ஏமாற்ற ஒரு வழியும் கண்டுபிடித்தாள். கேமராவை முக்காலியோடு நாற்காலிக்கு எதிரே நிறுத்திவிட்டு, ஒன்றுமே செய்யாமல் விட்டுவிட்டாள். முதல் இரண்டு நாள் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண் மூடியது. மூன்றாம் நாள் அதன்மேல் துண்டைப் போட்டார். ஐந்தாம் நாள் சட்டையையும் போட்டார். "பாப்பா, வகுப்புல சேந்து நல்ல சாமான் வாங்கியிருக்கே. கொடியவிட இது வசதி." ஒன்பதாம் நாள் அதற்கு நேரே உட்கார்ந்து செய்தித்தாளை முழுவதும் படித்தார், கண்ணை ஒருமுறைகூட இறுக்காமல்.

பத்தாம் நாள். நானும் இருந்தேன். மூன்றே முக்கால் ஆயிற்று. சுவர் வெளுத்தது, அறை வெளுத்தது. அவள் துண்டை மெதுவாக எடுத்தாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து, தெருவில் யாரோ யாரையோ திட்டுவதைக் கேட்டு ரசித்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் திறந்திருந்தன. அவள் கேமராவுக்குள் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் "ம்... சரி" என்றாள்.

அதற்கப்புறம் அவள் நாக்கு, அவளைக் கேட்காமல், தன் வேலையைப் பார்த்தது. "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்கப்பா."

ஆறு முறை அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு நின்றவர் அவர். ஏழாவது முறையும் கட்டுப்பட்டார். முதுகை நிமிர்த்தி, தோளை முன்னால் தள்ளி, இருந்த காற்றையெல்லாம் இழுத்துப் பிடித்தார். அவள் கதவுக்குப் பின்னால் போயிருந்தாள்.

பிடித்து வைக்க அங்கே இடம் இல்லை. முதலில் ஒரு சின்ன இருமல், அதன் பிறகு நிற்காத இருமல். உதடு நீலமாயிற்று. நான் கூப்பிட்டு, அவள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து முதுகைத் தாங்குவதற்குள் இரண்டு மூன்று நொடிதான் ஆகியிருக்கும். அந்த மூன்று நொடியை அவள் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. விரல் பழக்கத்தில் ரிமோட்டையும் அமுக்கியிருந்தது. அப்படி ஒரு படம் இருக்கிறது: அருமையான வெளிச்சம், இறுக மூடிய கண், திறந்த வாய். அவள் அதை அழிக்கவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை.

ஐந்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் கட்டிலோடு கட்டிலானார். மூக்கில் குழாய், தலைமாட்டில் இரவும் பகலும் உறுமும் ஆக்ஸிஜன் பெட்டி. கட்டில் ஜன்னலுக்கு எதிர்மூலையில் இருந்தது. தள்ளிப் பார்த்தோம், அலமாரி இடித்தது, கதவு திறக்க மறுத்தது. அந்த மூலைக்கு மூன்றே முக்கால் மணி வெளிச்சம் எட்டாது. கட்டிலின் கால்மாடு வரை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கும் விருந்தாளி மாதிரி நின்றுவிடும்.

கேமராவும் முக்காலியும் எடுத்து வைக்கப்பட்டன. அவள் இரண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. "ஏம்மா போறதில்ல?" என்றேன். "மொதல்ல வாய தச்சிட்டு வரேன் பெரியம்மா. அப்புறம் போறேன்." வேலைக்கு மட்டும் போய்வந்தாள். அங்கே மூச்சைப் பிடிக்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும் குரல் தணிந்துபோய், நோயாளிகள் "என்னம்மா சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்டார்களாம்.

கேமராவை மறுபடி கேட்டது கடைசியில் அப்பாதான். ஒருநாள் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தவளிடம், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று சொன்னார். "பாப்பா... அந்தத் துணி ஸ்டாண்டு எங்க?"

"எதுக்குப்பா?"

"துண்டு போட எடமில்ல."

அவள் முக்காலியைக் கேமராவோடு எடுத்து வந்து கட்டிலுக்கு எதிரே விரித்தாள். அவர் துண்டை அதன்மேல் தானே தூக்கிப் போட்டார். பாதி தூரம்தான் போயிற்று. மீதியை நான் போட்டேன்.

அந்த வாரமே வாத்தியார் வந்து பார்த்தான். நோயாளியை விசாரிக்க வருகிறவர்கள் நோயாளியைப் பார்ப்பார்கள். இவன் ஜன்னலுக்கு வெளியே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சுவர் அழுக்காயிடுச்சுக்கா. பாதி வெளிச்சத்த அதுவே தின்னுடுது. அந்தப் பால்கனில வெள்ளையா எதாவது தொங்கினா இன்னும் நாலடி உள்ள வரும்."

எதிர்வீட்டுப் பெண்ணிடம் தூது போனவள் நான். பொய்க்கு என்னை விட்டால் அந்தத் தெருவில் ஆள் இல்லை. வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இருமல் குறையும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஆரம்பித்தேன்.

"எங்க வீட்டுல வெள்ளைத் துணியே கெடையாது. மூணு பசங்க இருக்கிற வீட்டுல எவ வெள்ளை வாங்குவா?"

"துணி நாங்க தரோம். கொடி மட்டும் குடு."

"ஈரத் துணியா?"

"காஞ்ச துணிதான்."

"காஞ்ச துணிய எதுக்குக் காயப்போடணும்?" என்றாள். என் வாழ்நாளில் பொய் தீர்ந்துபோன இடம் அது ஒன்றுதான். உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் என்னையும், எட்டடி தள்ளியிருந்த அந்த இருட்டு ஜன்னலையும் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன. கொண்டாங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகள் பதினேழு, எதிர்ப் பால்கனி முழுக்கத் தொங்கின. சரி, நாலு. காற்றுக்கு ஒன்று தூக்கிக்கொண்டே இருந்ததால் எதிர்வீட்டுக்காரி அதன் நுனியைக் கையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றே முக்கால். வெளிச்சம் ஜன்னலைத் தாண்டியது, நாற்காலியைத் தாண்டியது, கட்டிலின் கால்மாட்டில் வழக்கம்போல ஒரு நொடி தயங்கியது, பிறகு போர்வைமேல் ஊர்ந்து தலையணை வரை போய்விட்டது. அவர் கண்ணைத் திறந்து எதிரே பார்த்தார். "என்ன... எதிர்வீட்டுல... ஆஸ்பத்திரி தெறந்திட்டாங்களா?"

அவள் கேமராவிலிருந்து துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இந்த முறை கதவுப் பக்கம் போகவில்லை. முக்காலியை ஒட்டி நின்றாள். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"மூச்ச புடிக்கணுமா பாப்பா?" என்று அவரே கேட்டார்.

"வேணாம்பா. விடுங்க. விட்டுக்கிட்டே இருங்க."

"இப்பல்லாம்... எனக்கு அது ஒண்ணுதான் வேலை" என்றார்.

வெளிச்சம் குறைவு என்பதால் கேமரா மெதுவாகத்தான் கண்சிமிட்டியது. திறக்கும் சத்தம் ஒன்று, மூடும் சத்தம் ஒன்று, நடுவில் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவளும் பிடித்துக்கொண்டாள். எதிர்ப் பால்கனியில் விரிப்பு நுனியோடு நின்றவளும் பிடித்துக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு சொன்னாள். மூச்சு விட்டவர் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு பதினாறு நாள் இருந்தார். போனது நடுப்பகலில், அந்த அறை நன்றாக இருட்டியிருக்கும் நேரத்தில். மகள் பக்கத்தில்தான் இருந்தாள். பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று வெகுநேரம் யாருக்கும் தோன்றவில்லை.

படத்தை வாத்தியார் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு வந்தான். கண்கள் திறந்திருந்தன. பழுப்புக் கண்கள், ஓரத்தில் சாம்பல் வளையம் கட்டியவை. அவருக்குக் கண் இந்த நிறம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கண்மணிக்குள் உற்றுப் பார்த்தால் நாலு வெள்ளைப் புள்ளிகள், எதிர்வீட்டு விரிப்புகள். முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெளிவு. நெஞ்சு மட்டும் கலங்கலாக, சட்டைப் பொத்தான்கள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன.

"நெஞ்சு அசைஞ்சிடுச்சுக்கா" என்றான் வாத்தியார் தயக்கத்தோடு. "மொகம் வரைக்கும் வெட்டிக்கலாம். தெரியாது."

நெஞ்சு அசைந்த படத்துக்கு அவளுடைய ஆஸ்பத்திரியில் மதிப்பு கிடையாது. ஓரத்தில் சிவப்பு மையால் 'மீண்டும்' என்று எழுதிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, ஆளைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையைப் போட்டிருப்பாளோ.

"வெட்டாதீங்க சார்" என்றாள். "அது மூச்சு."

அவர் போய் ஏழு வாரமாகிறது. வகுப்புக்குத் திரும்பப் போகத் தொடங்கியிருக்கிறாள். படம் இன்னும் சட்டத்துக்குள் போகவில்லை, உறைக்குள்தான் இருக்கிறது. ஆறு நெஞ்சுப் படங்களோடு ஏழாவதாக.

நேற்று மூன்றே முக்கால் மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அறையில் கட்டில் இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது. எதிர்க் கொடியில் மூன்று பையன்களின் சிவப்பும் பச்சையுமான சட்டைகள் தொங்கின. அவள் உறையிலிருந்து படத்தை எடுத்தாள். மேல் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள். கை பழக்கத்தில் ஜன்னலை நோக்கி உயர்ந்தது, பாதியில் நின்றது.

பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, படத்தை மடியில் கிடத்தினாள். வெளிச்சம் அவள் தோளுக்கு மேலாக வந்து அதன்மேல் விழுந்தது. அவளுடைய தலையின் நிழலும் கூடவே வந்து அவர் முகத்தில் விழுந்தது. அவள் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஒரு சாண் நகர்த்திப்போட்டுக்கொண்டாள்.